மதிலுக்கு இப்பால்

சனிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணி கடந்து சிறிது நேரம் சென்றதும், கையிலுள்ள வேலை எதுவாயினும் அதைச் சற்றே நிறுத்திவிட்டு நான் எதையோ செவிமடுக்கிறேன் என்பதை முதலில் கவனித்தவள் என் மனைவி. முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றுவிடுகிறது. வாசிக்கும் பக்கத்தில் ஒரே வரியின்மேல் கண் தங்கிவிடுகிறது. முகம் மெல்லப் பின்வளவு யன்னலை நோக்கித் திரும்புகிறது. அங்கிருந்து வருவது பஸ்ஸின் பெருமூச்சு, பக்கத்து வீட்டுக் குழந்தையின் சிணுங்கல், டிஸ்ட்ரிக்ட் ரயில் வளைந்து போகும் தேய்வோசை ஆகியவையே. நான் காத்திருப்பது அவற்றில் எதற்குமன்று. ஏறத்தாழ முப்பத்தையாயிரம் கண்டங்கள் ஒரே கண்டமாகிக் கூரைகளுக்கு மேலாகப் புரண்டு வந்த அந்த ஆரவாரம் 2016ஆம் ஆண்டு மே மாதத்தோடு ஓய்ந்துவிட்டது. அது ஓய்ந்தது என் புத்திக்குத் தெரியும். செவி மட்டும் ஏற்க மறுக்கிறது. இதை ஞாபகம் என்று சொல்லிக் கடந்துபோயிருப்பேன். ஆனால் இதற்குள் துக்கத்தின் சாயல் இருப்பதைக் கண்டபோது என் மனம் அமைதி இழந்தது. ஏனெனில் அந்த மைதானத்தின் மதில்களுக்கு உள்ளே நான் காலடி வைத்தது என் ஆயுளில் நான்கே முறை. முப்பத்தொரு வருஷம் அதன் அருகில் குடியிருந்தும், அதன் கொடியின் நிறங்களை ஒருநாளும் உடம்பில் அணியாதவன் நான். அப்படிப்பட்ட ஒருவனுக்கு அதன் மறைவை நினைந்து வருந்தும் பாத்தியதை உண்டா என்ற கேள்வி, பல்லிடுக்கில் அகப்பட்ட தும்பைப்போல, சில வருஷங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அதன் பெயரிலேயே ஒரு மயக்கம் உண்டு. கழகத்தின் பெயர் வெஸ்ட் ஹாம் யுனைடெட். மைதானம் இருந்ததோ ஈஸ்ட் ஹாமில். கிரீன் ஸ்ட்ரீட் என்னும் தெருவே அவ்விரு பழைய நகரங்களுக்கும் எல்லையாக இருந்தது. அதன் கீழ்ப்புறத்தில் அமைந்தது மைதானம். ஏட்டில் அதற்கு போலின் மைதானம் என்று பெயர். சனங்கள் அருகிலுள்ள ரயில் நிலையத்தின் பெயரைக்கொண்டு அப்டன் பார்க் என்றே அழைத்தார்கள். பெர்மியூடாத் தீவிலிருந்து 1968இல் பதினேழு வயதுப் பையனாகத் தன்னந்தனியே லண்டனுக்கு வந்த கிளைட் பெஸ்ட், கழகத்தின் பெயரை நம்பி வெஸ்ட் ஹாம் நிலையத்தில் இறங்கிவிட்டு, மைதானத்தைக் காணாமல் திகைத்து நின்ற கதையைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் போகவேண்டியிருந்தது இன்னும் இரண்டு நிலையங்கள் தள்ளி. அந்தக் கதையை அறிந்த நாள்முதல் அவர்மீது எனக்கு ஒரு தனி வாஞ்சை உண்டு. கையில் ஒரு விலாசத்துடன் தவறான நிலையத்தில் இறங்கி நின்றவர்களுக்குத்தான் அந்த நேரத்துக் குளிர் எப்படிப்பட்டதென்று தெரியும். போலின் என்ற பெயரோ அவ்விடத்தில் முன்பு நின்ற ஒரு பழைய மாளிகையிலிருந்து வந்தது. எட்டாம் ஹென்றி மன்னனின் மனைவி ஆன் போலின் அங்கே தங்கினாள் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை, ஆதாரம் கிடையாது. மாளிகையும் 1955இல் இடிபட்டது. கழகத்தைத் தொடக்கியவர்கள் தேம்ஸ் நதிமுகத்தில் கப்பல் கட்டிய இரும்பாலைத் தொழிலாளர்கள். 1895இல் அவர்கள் தொடங்கிய விளையாட்டு 1904 செப்டம்பர் முதலாம் திகதி இந்த நிலத்துக்கு வந்து, முதல் ஆட்டத்திலேயே மில்வால் கழகத்தை மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது. எட்டே வருஷங்களில், 1912இல், அந்தக் கப்பல் தளம் மூடப்பட்டுவிட்டது. குறுக்காகக் கிடக்கும் இரண்டு சுத்தியல்கள் மட்டும் கழகத்தின் இலச்சினையில் எஞ்சின. இப்படி, பெயர் தந்த மாளிகையும் பெற்றெடுத்த ஆலையும் மறைந்த பின்னரும் நிலைபெற்று ஒரு நூற்றாண்டைக் கடந்த ஸ்தலம் என்பதால், அதுவும் ஒருநாள் மறையக்கூடும் என்ற எண்ணம் எனக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவில் எவருக்குமே எழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நான் வந்தது 1985இன் இலையுதிர் காலத்தில். கிரீன் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில், செங்கல் வீடொன்றின் பின்னறையில் மூவர் குடியிருந்தோம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பகலில் உறக்கம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து முழுசாக ஒரு மாதம் ஆகியிராத நிலையில், எங்கள் செவிகள் வேறு வகையான ஓசைகளுக்குப் பழக்கப்பட்டிருந்தன என்பதைச் சொல்லவேண்டியதில்லை. முதல் சனிக்கிழமை பிற்பகல், ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே, பூமிக்கு அடியிலிருந்து புறப்பட்டதுபோல் ஒரு முழக்கம் எழுந்து யன்னல் கண்ணாடியை மெல்ல அதிரச் செய்தபோது, நான் படுக்கையிலிருந்து எழுந்து, இருட்டடிக்கத் தொங்கவிட்டிருந்த போர்வையை விலக்காமலே, சுவரோரமாகக் குந்திக்கொண்டு செருப்பைத் தேடினேன். அறையின் மறுகோடியில், மண்ணெண்ணெய் ஹீற்றரின் அருகே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அண்ணை கத்தியைக் கீழே வைக்காமல் சொன்னார்: “பயப்படாதை தம்பி, கோல் அடிச்சிட்டாங்கள்.” அவர் நாவாந்துறைக்காரர். அந்த ஊரில் பிறந்தவர்கள் நடக்கப் பழகுமுன் பந்தை உதைக்கப் பழகுகிறார்கள் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வதுண்டு. அவரும் தம் யௌவனத்தில் கடற்கரை வெளிகளில் உதைபந்தாடி, இடது முழங்காலில் ஒரு நிரந்தர வலியைச் சம்பாதித்துக்கொண்டவர். அவருக்கும் எனக்கும் நுழைவுச்சீட்டு வாங்கக் காசில்லை. காசு இருந்திருந்தாலும் போயிருக்கமாட்டோம். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அந்த அறையில் கிடந்தபடியே ஓர் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை காதால் பார்க்கும் வித்தையை அவர் எனக்குக் கற்றுத்தந்தார்.

அது எளிதில் கைவரும் வித்தையன்று. கோல் விழுந்தால் எழும் ஓசைக்கு விளிம்பு கிடையாது. பானை உடைந்து நீர் சிதறுவதுபோல் எல்லாப் புறமும் ஒரே கணத்தில் விரிந்து, பின் நெடுநேரம் தன்னைத் தானே தாலாட்டிக்கொண்டு தணியும். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால் முதற்பாதி கோல் போலவே எழும்பும். உச்சியை அடையுமுன் யாரோ தொண்டையைப் பிடித்ததுபோல் உள்ளிழுக்கப்பட்டு, அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஏககாலத்தில் விடும் மூச்சு மட்டும் கேட்கும். நடுவரின் தீர்ப்பு பிழைத்தால் வரும் இரைச்சலில் உயிரெழுத்துக்களே இரா. அது முரட்டுச் சாக்கை இழுப்பது போலிருக்கும். பெனால்ட்டி கிடைத்தால் ஒரு குதூகலம், அதன் பின் ஒரு நிசப்தம், நிசப்தத்தின் பின்னர்தான் உண்மையான முழக்கம். அந்த இடைப்பட்ட நிசப்தத்தில் அண்ணை கத்தியை வெங்காயத்தின்மேல் அசையாமல் பிடித்திருப்பார். எல்லாவற்றிலும் துயரமானது எதிரணி கோல் அடிக்கும்போது கேட்பது: மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து, மிகச் சிறியதாய், வேற்றூர்க்காரர்களின் கூச்சல் ஒன்று தீக்குச்சிபோல் பற்றிக்கொள்ளும், மற்றப் பக்கங்களெல்லாம் விளக்கணைத்த வீடுபோல் ஆகிவிடும். முதலில் நான் கம்பத்தையும் கோலையும் ஒன்றாகக் கருதி ஏமாந்துகொண்டிருந்தேன். “இல்லைத் தம்பி, முடியிற இடத்தைக் கேள்; துவங்கிற இடம் எல்லாத்துக்கும் ஒண்டுதான்” என்பார் அவர். இரவு வேலைக்குப் போகும் வழியில் பத்திரிகைக் கடையில் முடிவைப் பார்த்து அவர் கணிப்பைச் சரிபார்ப்பேன். அநேகமாகப் பிழைத்ததில்லை.

நாங்கள் வந்த அந்தப் பருவம் கோல்களுக்குப் பஞ்சமில்லாத பருவமாக அமைந்தது எங்கள் பாக்கியம். பிராங்க் மக்கவென்னியும் டோனி கோட்டியும் சேர்ந்து அடித்துத் தள்ளிய 1985-86இல், கழகம் முதற்பிரிவில் மூன்றாம் இடத்தைப் பெற்றது. அதன் சரித்திரத்தில் அதற்கு மேலான இடத்தை அது ஒருபோதும் எட்டியதில்லை. 1986 ஏப்ரல் 21ஆம் திகதி, ஒரு திங்கட்கிழமை இரவு, இருவருக்கும் வேலை இல்லை. நியூகாசில் கழகத்தோடு ஆட்டம். ஒவ்வொரு முழக்கத்துக்கும் ஒரு தீக்குச்சியை யன்னல் விளிம்பில் வைக்கலானார் அண்ணை. இடைவேளைக்குள் நான்கு குச்சி ஆயிற்று. ஐந்தாவதை வைத்தபோது சிரித்தார். ஆறாவதை வைத்தபோது சிரிப்பு நின்று, தம் செவியைத் தாமே சந்தேகிக்கும் முகபாவம் வந்தது. நடுவே அந்தச் சிறிய மூலைக் கூச்சலும் ஒருமுறை கேட்டது; அதற்கு ஒரு குச்சியை முறித்துப் பாதியைத் தனியே வைத்தார். முடிவில் விளிம்பில் எட்டுக் குச்சிகளும் ஓர் அரைக் குச்சியும் கிடந்தன. இது நடவாத காரியம், எதிரொலியை எண்ணிவிட்டோம் என்று தர்க்கித்துக்கொண்டே படுத்தோம். மறுநாட் காலையில் பத்திரிகை எட்டுக்கு ஒன்று என்றது. அதைவிட விநோதமான ஒன்றையும் அதில் கண்டோம்: நியூகாசிலின் கோல் காப்பாளர் காயமுற்று வெளியேற, அவருக்குப் பதிலாக நின்றவரும் நிற்கமுடியாமற்போக, மூன்றாவதாக ஒருவர் நின்றாராம், ஆல்வின் மார்ட்டின் என்ற தடுப்பாட்டக்காரர் அம்மூவரையும் தனித்தனியே தோற்கடித்து மூன்று கோல் போட்டாராம். காதுக்கு அதெல்லாம் தெரியவில்லை; எட்டு என்பது மட்டும் தெரிந்திருந்தது. அந்த அரைக் குச்சியை அண்ணை பல நாள் யன்னலிலிருந்து அகற்றவில்லை.

போயிருக்கமாட்டோம் என்றேன். அதன் காரணம் பயம். எனக்கு நேர்ந்ததென்று எடுத்துச்சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கல்லோ ஒரு வசையோ என்னைத் தீண்டியதாக ஞாபகமில்லை. ஆயினும் எங்களுக்கு முன்னே வந்து குடியேறியவர்கள் எங்களிடம் கையளித்த முதல் உபதேசம், ஆட்டமுள்ள நாளில் ஒரு மணிக்கு முன் கடைத்தெரு வேலைகளை முடித்துவிட்டு, ஆறு மணிவரை தெருவில் காணப்படலாகாது என்பதே. அந்த உபதேசம் ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. 1980 ஜூலையில், ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையத்தருகே, பட்டப்பகலில், அக்தார் அலி பேக் என்ற இளைஞன் நிறத்தின் பொருட்டுக் குத்திக் கொல்லப்பட்டிருந்தான். அதற்கும் உதைபந்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பயத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒரு பெருங்கூட்டம் ஒரே நிறத்தை அணிந்து ஒரே திசையில் பாடிக்கொண்டு நடந்தால், அதன் உள்ளம் நல்லதோ கெட்டதோ, வேற்று நிறத்தவன் கதவை அடைத்துக்கொள்கிறான். இதே மைதானத்தில்தான் 1972 ஏப்ரலில் கிளைட் பெஸ்ட், கிளைவ் சார்ள்ஸ், ஏட் கோக்கர் என்ற கறுப்பினத்தவர் மூவர் ஒரே அணியில் களமிறங்கினார்கள் என்பதையும், அது இங்கிலாந்து அதுவரை காணாத காட்சியாக அப்போது பேசப்பட்டதென்பதையும் நான் அறிய இன்னும் பல வருஷம் சென்றது. அறிந்திருந்தால் முன்னமே போயிருப்பேனா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கதவை அடைத்துக்கொண்ட அதே வேளையில் யன்னலைச் சிறிது திறந்து வைத்திருந்தோம் என்பதும் உண்மை. குளிர் உள்ளே வந்தாலும் ஓசை தெளிவாக வரவேண்டும் என்பதற்காக. அந்தத் தெருவைப் பார்த்து அஞ்சியதும் அந்த ஓசைக்காகக் காத்திருந்ததும் ஒரே மனம்தான் என்பதை இன்று எண்ணும்போது, இவ்விரண்டில் எதைப் பொய்யென்று தள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள், எந்த ஆட்டம் என்பது மறந்துபோயிற்று, முழக்கம் கேட்டதும் அண்ணை வாய்தவறியதுபோல் சொன்னார்: “எங்கட ஆக்கள் அடிச்சிட்டாங்கள்.” சொல்லிவிட்டு அவரே என்னைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை.

இரண்டு வீடு தள்ளி ஒரு கிழவர் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ரோயல் துறைகள் மூடப்பட்ட பின் வேலையில்லாமல் வீட்டு வாசலில் ரோஜாச் செடி வளர்த்துக்கொண்டிருந்தவர். என்னை ‘மகனே’ என்று விளிப்பார். அந்தப் பக்கத்துப் பேச்சுவழக்கில் அது எவரையும் அழைக்கும் சாதாரணச் சொல் என்பதை அறியாமல், முதன்முறை கேட்டபோது நான் கண்கலங்கிவிட்டேன். அறிந்த பின்னும் அச்சொல்லின் மதிப்பு எனக்குக் குறையவில்லை. மைதானத்தைப்பற்றி அவர் சொன்னவை எல்லாம் ஓசையைப்பற்றியனவாகவே இருந்ததை இப்போது நினைத்து வியக்கிறேன். 1944 ஆகஸ்டில் ஜெர்மானியரின் பறக்கும் குண்டு ஒன்று மைதானத்தின் ஒரு மூலையில் விழுந்து பிளந்தபோது அவர் சிறுவன். அந்தக் குண்டின் இயந்திரம் தலைக்கு மேலே இரையும்வரை பயமில்லையாம். இரைச்சல் திடீரென்று நின்றால்தான் மேசைக்கடியில் ஓடவேண்டுமாம். ஓசையைவிட ஓசை நிற்பதற்கே அஞ்சப் பழகிய ஒரு தலைமுறை அது. கீழ்ப்புறத்தில் மரப்பலகையாலும் தகரத்தாலும் கட்டியிருந்த பழைய பார்வையாளர் கொட்டகையைச் சனங்கள் ‘கோழிக்கூடு’ என்று அழைத்ததையும், அதில் நின்றவர்கள் பலகைகளைக் காலால் உதைத்து எழுப்பிய இடி 1968இல் கொட்டகையோடு போய்விட்டதையும் அவர் ஒரு பாட்டுக்காரன் நின்றுபோனதைச் சொல்வதுபோல் சொல்வார். ஆனால் அவர் அடிக்கடி திரும்பிச் சென்றது 1980 அக்டோபர் முதலாம் திகதி இரவுக்குத்தான். மாட்ரிட்டில் நடந்த ஆட்டத்தில் ரசிகர்கள் செய்த குழப்பத்துக்குத் தண்டனையாக, காஸ்டில்லா என்னும் ஸ்பானியக் கழகத்துடனான மறு ஆட்டத்தைப் பார்வையாளரின்றி நடத்த நேர்ந்தது. பணியாளர், பத்திரிகையாளர் முதலானோர் 262 பேர் மட்டுமே உள்ளே இருந்தார்கள். கிழவர் தம் பின்வளவில் நின்றிருந்தாராம். மின்விளக்குகள் வழமைபோல் வானத்தை வெளுக்கச் செய்திருந்தன; ஆனால் வந்ததெல்லாம் பந்தில் கால் படும் ஓசையும், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலும், நடுவரின் விசிலுமே. கழகம் ஐந்து கோல் அடித்து வென்றது. “ஐந்து கோல், மகனே, ஒன்றுகூட என் காதில் விழவில்லை” என்பார். வென்றதைச் சொல்கிறவரின் குரலன்று அது.

1993 பெப்ரவரியில் பொபி மூர் காலமானார். 1966இல் உலகக் கிண்ணத்தைக் கையிலேந்திய இங்கிலாந்து அணியின் தலைவர்; அந்த இறுதியாட்டத்தில் கோல் போட்ட ஹேர்ஸ்ட், பீட்டர்ஸ் இருவரும் இந்த மைதானத்துப் பிள்ளைகளே. கிரீன் ஸ்ட்ரீட்டின் பெரிய இரும்புக் கதவுகளில் சனங்கள் மலர்களையும் கழுத்துச் சால்வைகளையும் கட்டத் தொடங்கி, சில நாட்களில் கதவின் கம்பிகளே தெரியாதபடி ஆயிற்று. வேலைக்குப் போகும் வழியில் நான் அங்கே நின்றேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நனைந்த கம்பளி நூலின் வாசனை, எங்கள் ஊரில் மழைநாளில் ஆட்டுப்பட்டியிலிருந்து வரும் வாசனையை ஒத்தது, அந்தத் தெருவை முழுதும் நிறைத்திருந்தது. சால்வைகள் மைதானத்தின் திராட்சை நிறத்திலும் வெளிர்நீலத்திலும் மட்டுமின்றி, பகைக் கழகங்களின் சிவப்பிலும் வெள்ளையிலும் இருந்தன. ஒரு சால்வையின் நுனியிலிருந்து நீர் சொட்டி, கீழே ஒரு சிறுவனின் எழுத்தில் இருந்த அட்டையின் மை கரைந்து நீலக் கோடாக வழிந்துகொண்டிருந்தது. ஒரு பெண்மணி, தெரியாதவள், எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள், நானும் ஏதோ கட்ட வந்தவன் என்று எண்ணி. என் கையில் ஒன்றுமில்லை. அந்த வெறுங்கையின் கூச்சம்தான், நினைத்துப் பார்த்தால், என்னை மதிலுக்கு உள்ளே தள்ளியது.

அடுத்த வருஷக் குளிர்காலத்தில், எசெக்ஸ் பக்கம் குடிபெயர்ந்துவிட்ட தம் மகனின் ஆசனத்தில் என்னைக் கூட்டிப்போய் இருத்தினார் கிழவர். படிகளில் ஏறி இருளான வாயிலைக் கடந்ததும், மின்விளக்கின் கீழ் அந்தப் பச்சை ஒரேயடியாக முகத்தில் வந்து மோதியது. லண்டனில் அவ்வளவு பச்சையை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஆட்டக்காரர்கள் வெகு அருகில் இருந்தார்கள். கோட்டோரம் ஓடியவனின் வாயிலிருந்து புகையாய்ப் பறந்த மூச்சையும், அவன் காலணியில் ஒட்டியிருந்த புல்லையும் பார்க்கமுடிந்தது. கிழவர் சட்டைப்பையிலிருந்து புதினா மிட்டாய் எடுத்துப் பாதியைக் கடித்துத் தமக்கு வைத்துக்கொண்டு மறுபாதியை எனக்கு நீட்டினார். ஆனால் கோல் விழுந்தபோது நான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது: எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுற்றிலும் உடல்கள் எழுந்தன, யாரோ என் தோளைப் பற்றினார்கள், என் வாய் திறந்திருந்தது, அதிலிருந்து ஏதோ வெளிவந்தும் இருக்கவேண்டும். ஆனால் எட்டு வருஷம் பின்னறையில் கிடந்து நான் கற்றுத்தேர்ந்த அந்த ஓசை, அதன் விரிவும் தாலாட்டும், அங்கே இல்லை. உள்ளே இருப்பவன் அலையில் ஒரு துளி. அலை கரைக்குத்தான் தெரிகிறது. வீடு திரும்பியபோது மனைவி, அவள் வந்து அப்போது ஒரு வருஷமே ஆகியிருந்தது, கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்: “இண்டைக்கு ரெண்டு தரம் பலமாக் கேட்டுது. உங்கட சத்தமும் அதுக்குள்ள வந்திருக்கும், என்ன?” அதற்குப் பின் மூன்று முறைதான் உள்ளே போனேன். பயத்தால் அன்று, கேட்கவேண்டும் என்பதால்.

என் தாய் கோயிலுக்குப் போனதைவிடக் கோயில் மணியைக் கேட்டதே அதிகம். அடுப்படியில் நின்றபடி, கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, மணியோசை வரும் திசையை நோக்கி வலது கையை நெஞ்சில் வைப்பாள். மணி ஓய்ந்ததும் கறியைக் கிளறுவாள். பூசை காணாத பூசை அது என்று இளமையில் நான் வாதித்ததுண்டு. மதிலுக்கு வெளியே நின்று கேட்பவனின் உறவு எத்தகையது என்பதை அறிய எனக்கு ஓர் உதைபந்து மைதானம் வேண்டியிருந்தது. ஆட்டம் தொடங்குமுன் அங்கே எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று உண்டு. அமெரிக்க நாடகமேடையில் பிறந்து, 1920களில் இந்த மைதானத்துக்கு வந்து தங்கிவிட்ட பாட்டு. வீரத்தையோ வெற்றியையோ பற்றியதன்று. சவர்க்காரக் குமிழிகள் ஊதுவதைப் பற்றியது, அவை எழுந்து மறைவதைப் பற்றியது. நம் நீதிநூற்காரர்கள் நிலையாமைக்கு எடுத்துக்காட்டிய அதே நீர்க்குமிழியை, கப்பல் தளத்துத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் கையில் பியரோடு நெஞ்சைத் திறந்து பாடுகிறார்கள் என்பது தெரிந்த நாளில், என் தெருவை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

2016 மே 10, செவ்வாய்க்கிழமை, கடைசி ஆட்டம். மாலை முழுதும் ஹெலிகொப்டர் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தது. மன்செஸ்டர் யுனைடெட் வந்த பஸ் சனநெரிசலில் சிக்கி, அதன்மேல் போத்தல்கள் வீசப்பட்டு, ஆட்டம் முக்கால் மணிநேரம் தாமதமாகத் தொடங்கியது. விடைபெறும் நாளில் இப்படி ஒரு களங்கம் நேர்ந்ததே என்று வருந்தினேன். இருப்பினும் பழைய பயத்தின் சுவையை நாக்கு அடையாளம் கண்டுகொண்டது என்பதை மறைக்கமாட்டேன். பிள்ளைகள் முன்னறையில் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நான் பின்வளவில், கிழவர் விட்டுப்போன ரோஜாவிலிருந்து வைத்த பதியனின் அருகில், கதிரை போட்டு இருந்தேன். அவர் சில வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தொலைக்காட்சிக் காட்சி செய்மதி வழியே சுற்றி வருவதால் நிகழ்வுக்குச் சில விநாடி பிந்தும். கூரைகளைத் தாண்டி வரும் ஓசைக்கு ஒரு விநாடிக்குச் சற்று மேலே போதும். ஆட்டம் இரண்டுக்கு இரண்டாக நின்றது. பத்து நிமிஷம் மிச்சம். உள்ளே மகன், “பயே இப்பதான் பிறீ கிக் எடுக்கப் போறான், அப்பா” என்று கூவிய அதே கணத்தில் என் தலைக்குமேல் வானம் உடைந்தது. விளிம்பில்லாத ஓசை, பானை உடைந்த ஓசை. அவர்களுக்கு அது இன்னும் நிகழவில்லை. தொலைக்காட்சியில் பந்து இன்னும் நிலத்தில் இருந்தது. “கோல்” என்றேன், யாரும் கேளாதபடி. பின்னர்தான் வின்ஸ்டன் ரீட் தலையால் முட்டிப் போட்டது அவர்கள் திரையில் தெரிந்து வீடு முழுதும் கத்தியது. அந்த நாலைந்து விநாடி, அந்த மைதானம் எனக்கு மட்டும் அந்தரங்கமாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனதாகவே இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது பிரமையாயின் இருக்கட்டும்.

அதன் பின் நடந்தவற்றைச் சொல்ல நாக்கு விரும்பவில்லை. கழகம் ஸ்ட்ராட்போர்டில் ஒலிம்பிக் விளையாட்டுக்கெனக் கட்டிய அரங்குக்குப் போய்விட்டது. அறுபதினாயிரம் பேர் இருக்கலாமாம். ஓட்டப் பாதைக்கான வெளி நடுவே கிடப்பதால் ஆட்டக்காரரின் மூச்சுப் புகை தெரியாது என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து பார்த்தபோது ஒரு நாள் மதில் ஓரிடத்தில் விழுந்திருந்தது. அந்தப் பிளவின் வழியே வெறும் ஆசனப் படிகளும், இடையே புல்லுக்குப் பதிலாக மண்ணும், மண்மேல் ஒரு மஞ்சள் இயந்திரமும் தெரிந்தன. மாளிகையின் ஞாபகமாக எழுப்பிய அந்தக் கோட்டைக் கோபுரங்களும் போயின. இப்போது அங்கே எண்ணூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள். சந்தியில் பொபி மூரைத் தோழர்கள் தோளில் தூக்கி நிற்கும் வெண்கலச் சிலை மட்டும் இருக்கிறது. புதிய வீடுகளில் வாழ்பவர்களை நான் குறைசொல்லவில்லை. இருக்க இடம் தேடி ஒரு காலத்தில் நாங்களும் வந்தவர்களே.

அண்ணை 1990இலேயே கனடாவுக்குப் போய்விட்டார். டொராண்டோவில் காலை பத்து மணி ஆகும்போது இங்கே பிற்பகல் மூன்று. போன காலம் தொட்டு அவர் தொலைபேசி எடுப்பது அந்த நேரத்தில்தான்; பேசிக்கொண்டிருக்கும்போதே முழக்கம் எழுந்தால், “பொறு, பொறு, போனை யன்னலடிக்குக் கொண்டு போ” என்பார்; நான் நீட்டிப் பிடிப்பேன்; சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து, “கம்பத்தில பட்டிட்டுது” என்பார். சரியாகவே இருக்கும். மைதானம் மூடப்பட்ட செய்தியை அவருக்கு அன்றே சொன்னேன். வீடுகள் எழும்பியதையும் சொன்னேன். ஆனால் அவருக்கு இப்போது எண்பதாகிறது. அண்மைய விஷயங்கள் அவரிடம் தங்குவதில்லை. சென்ற சனிக்கிழமையும் எடுத்தார். முழங்கால் வலி, பனி, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் பேசி முடித்து, சற்று நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அவர் செவிமடுக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. நானும் செவிமடுத்தேன். “என்ன தம்பி, ஒரு சத்தத்தையும் காணேல்லை, இண்டைக்கு மாச் இல்லையோ?” என்றார். நான் யன்னலைத் திறந்து, போனை வெளியே நீட்டிச் சிறிது நேரம் பிடித்துவிட்டு, “இண்டைக்கு எங்கட ஆக்கள் வெளியூரில விளையாடினம், அண்ணை” என்றேன்.